பொம்பா ஆண்டுச் சோதனைக்கு வந்தால் மண்டபத்தில் என்ன பார்ப்பார்கள்?

மண்டபத்துக்கு பொம்பா, அதாவது மலேசியத் தீயணைப்புத் துறை, சோதனைக்கு வரப்போகிறது, என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்குவது இருக்கட்டும். முதலில் பின்கதவு பூட்டியிருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.

சுங்கை சிப்புட் பக்கம், எந்தத் திசையில் போனாலும் செம்பனையில் போய் முட்டும் ஊர் எங்களுடையது. அங்கே ஒரு கோயில் மண்டபத்தை ஏழு வருடமாகக் கவனித்துக்கொள்கிறேன். கீழே சாப்பாட்டுக்கூடம், மேலே மணவறை. முதல் தடவை சோதனைக்கு வந்தபோது நானும் உங்களைப் போலத்தான். புதிதாக ஆறு தீயணைப்புக் கருவி வாங்கி, தூசு துடைத்து, வாசலிலேயே வரிசையாக நிறுத்தியிருந்தேன், மாப்பிள்ளை அழைப்புக்கு நிற்பதுபோல.

வந்த அதிகாரி அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக மேல்மாடிக்கு ஏறினார். பின்படிக்கட்டுக் கதவருகே போய் நின்று “புக்கா”, திற, என்றார். கதவில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு. சாவி பொருளாளர் அண்ணனிடம். அண்ணன் ஈப்போவில். சரி, கடிந்துகொள்வார் என்று நினைத்தேன். அவரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாவி வரட்டும் என்றார். ஐம்பது நிமிடம் ஆயிற்று. அந்த ஐம்பது நிமிடமும் அவர் வேறெதையும் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைத் தவிர. ஒருவழியாகத் திறந்தால், படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை: உடைந்த நாற்காலிகள், பந்தல் கம்புகள், போன வருடத் திருவிழாத் தோரணம்.

பூட்டியதற்கு எங்களிடம் காரணம் இல்லாமல் இல்லை. ஒரு கல்யாணத்தின்போது பின்படி வழியாக வந்து யாரோ இரண்டு குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் 1984ஆம் ஆண்டின் கட்டடத் துணைச்சட்டங்கள் தெளிவாகச் சொல்கின்றன: வெளியேறும் கதவு எதுவானாலும் உள்ளே இருப்பவர் சாவி இல்லாமல் திறக்கும்படி இருக்க வேண்டும். கமிட்டிக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒருவரும் மசியவில்லை. பெரியவர் ஒருவர்தான் கோலாலம்பூர் டத்தோ கெராமாட் சம்பவத்தை நினைவுபடுத்தினார். 2017 செப்டம்பர் 14, விடியற்காலை. சமயப் பள்ளி விடுதியில் தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பையன்கள். சன்னல்களில் இரும்புக் கிரில். அதற்குப் பிறகு யாரும் குத்துவிளக்கைப் பற்றிப் பேசவில்லை. உள்ளிருந்து தள்ளினால் மட்டும் திறக்கும் தள்ளுகம்பிப் பூட்டு போட்டோம். வெளியிலிருந்து திருடனுக்கும் திறக்காது. இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

சட்டம் என்று பார்த்தால், 1988ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சேவைகள் சட்டப்படி குறிப்பிட்ட வகைக் கட்டடங்களுக்கு பொம்பாவின் சான்றிதழ் வேண்டும். மக்கள் கூடும் இடம், மருத்துவமனை, ஹோட்டல், தொழிற்சாலை என்று வகை பிரித்து, பரப்பளவையும் உயரத்தையும் வைத்து முடிவு செய்வார்கள். அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், அதற்குத்தான் இந்தச் சோதனை. அந்த வகையில் வராத கடையாக இருந்தாலும் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தீ அபாயம் இருக்கிறதா என்று பார்க்க அவர்கள் எங்கும் வரலாம். வழியை அடைத்துச் சாமான் வைப்பதும் அபாயம்தான். நோட்டீஸ் கொடுத்து, கெடு வைத்துச் சரிசெய்யச் சொல்வார்கள்.

கருவிகளைப் பொறுத்தவரை, முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா, ஒட்டுச்சீட்டின் காலம் முடிந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். என் ஆறையும் வாசலிலிருந்து பிரித்து, ஆளாளுக்கு எட்டும் இடங்களில் மாட்டச் சொன்னார். ஹோஸ் ரீலை, அதாவது சுற்றி வைத்திருக்கும் தண்ணீர்க் குழாயை, இழுத்துத் திறந்தார். எங்களுடையதில் தண்ணீர் அழுதுவடிந்தது, பம்பு மாற்ற வேண்டியிருந்தது. ‘கெலுவார்’ (வெளியேறும் வழி) என்ற பச்சைப் பலகை மின்சாரம் போனாலும் எரிய வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்து நீங்களே ஒரு நாள் இரவில் பாருங்கள்.

சமையல்கட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கேஸ் தோங்கை (சிலிண்டரை) அடுப்புக்குப் பக்கத்திலேயே வைக்கும் பழக்கம் நம்மவர்களை விட்டுப் போகவே போகாது. கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படர்ந்து சாக்கடைக்குள் இறங்கும். ஆகவே தோங்கைக் காற்றோட்டமாக வெளியே வையுங்கள், சாக்கடை வாயை விட்டுத் தள்ளி. வடைச் சட்டியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது என்று சமையல்காரருக்கு மட்டுமல்ல, பாத்திரம் கழுவும் அக்காவுக்கும் சொல்லி வையுங்கள். பதறிப்போய் வாளியைத் தூக்குவது பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவர்தான்.

அப்புறம், சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு “பொம்பாவிலிருந்து வருகிறோம், கருவி வாங்கியே ஆக வேண்டும்” என்று யாராவது வந்தால் வாங்காதீர்கள். பொம்பா கருவி விற்பதில்லை. சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் நிலையத்துக்கே நேரில் போய்க் கேளுங்கள், பொறுமையாகச் சொல்வார்கள்.

எங்கள் மண்டபம் இப்போதெல்லாம் பிரச்சினையில்லாமல் தேறிவிடுகிறது. நாற்காலி விஷயத்தில் மட்டும் என் போராட்டம் ஓயவில்லை. போன மாதம் ஒரு கல்யாணம் முடிந்த மறுநாள் பின்கதவைத் தள்ளினேன். பாதி திறந்து நின்றுவிட்டது. அந்தப் பக்கம் பதினைந்து நாற்காலி, ஒன்றன்மேல் ஒன்றாக, மிக ஒழுங்காக.