சி மேக்ரோவில் பேக்ஸ்லாஷ்: வார்னிங் ஒன்று, பிழை மூன்று

கேள்வி: சென்சார் அளவுகளைக் கோப்பில் எழுதும் சி ப்ரோக்ராம் ஒன்று வைத்திருக்கிறேன். விண்டோஸ், ஜிசிசி கம்பைலர். ஃபோல்டர் பாதையை ஹெடர் ஃபைலில் மேற்கோள் இல்லாமல் மேக்ரோவாக வைத்து, இன்னொரு மேக்ரோவால் அதை ஸ்ட்ரிங் ஆக்குகிறேன். கம்பைல் செய்தால் 'அன்னோன் எஸ்கேப் சீக்வென்ஸ்' என்று வார்னிங் வருகிறது, கோப்பும் திறப்பதில்லை. பாதையைச் சுற்றி மேற்கோள் போட்டதும் வார்னிங் போய்விட்டது. ஆனால் கோப்பு இன்னும் திறக்கவில்லை. என்ன காரணம்?

பதில்: முதலில் இருந்த தவறு வேறு, மேற்கோள் போட்ட பிறகு வந்த தவறு வேறு. இரண்டாவது தவறு நடக்கும்போது கம்பைலர் வாயே திறக்காது. அதனால் வார்னிங் போனதை வைத்துச் சிக்கல் தீர்ந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய வரிகளின் சாரம் இது. எழுத்துகளைத் தமிழில் தருகிறேன். கோடில் வழக்கம்போல ஆங்கிலத்தில் இருக்கும்.

#டிஃபைன் பாதை டி:\ப்ராஜெக்ட்\நியூ\ரீடிங்ஸ்
#டிஃபைன் சரம்(அ) #அ
#டிஃபைன் விரி(அ) சரம்(அ)

விரி(பாதை) என்று எழுதினால், மேக்ரோ பெயருக்குப் பதில் அதன் உரையைப் போடும் ப்ரீபிராசஸர் பாதையை விரித்து, # குறியால் அதைச் சுற்றி மேற்கோள் போட்டுக் கொடுக்கிறது. இரண்டு அடுக்கு மேக்ரோ வைத்தது சரிதான். # குறிக்கு நேராகப் போகும் மேக்ரோ விரிக்கப்படாது என்பதால், சரம்(பாதை) என்று மட்டும் எழுதியிருந்தால் "பாதை" என்ற சொல்தான் கிடைத்திருக்கும்.

கோளாறு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சி தர நிர்ணயம் கம்பைல் வேலையை 8 கட்டங்களாகப் பிரிக்கிறது. மேக்ரோ விரிவது 4ஆம் கட்டத்தில், ஸ்ட்ரிங்குக்குள் இருக்கும் பேக்ஸ்லாஷுக்குப் பொருள் கொள்வது 5ஆம் கட்டத்தில். மேற்கோளுக்கு வெளியே தனியாகக் கிடக்கும் பேக்ஸ்லாஷை # தொடுவதில்லை, அப்படியே உள்ளே போடுகிறது. அடுத்த கட்டம் அதை எஸ்கேப் என்று, அதாவது அடுத்த எழுத்தோடு சேர்ந்து தனிப் பொருள் தரும் குறி என்று, படிக்கிறது.

உங்கள் பாதையில் மூன்று பேக்ஸ்லாஷ் இருக்கிறது. ப்ராஜெக்டுக்கு முன்னால் இருப்பதை அடுத்து 'பி' எழுத்து வருகிறது. அப்படி ஒரு எஸ்கேப் சி மொழியில் இல்லை, அதனால் வார்னிங். ஜிசிசி பேக்ஸ்லாஷை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது. நியூவுக்கு முன்னால் இருப்பதும் அதன் முதல் எழுத்தான 'என்'னும் சேர்ந்து புதுவரிக் குறியாகின்றன. ரீடிங்ஸுக்கு முன்னால் இருப்பது 'ஆர்' எழுத்தோடு சேர்ந்து கேரேஜ் ரிட்டர்ன், அதாவது வரித் தொடக்கத்துக்குத் திரும்பும் குறி, ஆகிறது. இந்த இரண்டும் சட்டப்படி சரியான எஸ்கேப்கள் என்பதால் கம்பைலர் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆக, பாதை மூன்று இடத்தில் உடைந்தது, ஒன்றை மட்டும்தான் கம்பைலர் உங்களுக்குச் சொன்னது. கோப்புப் பெயரில் புதுவரி இருந்தால் விண்டோஸ் ஏற்காது, அதனால் கோப்பைத் திறக்கும் ஃபோப்பன் ஃபங்ஷன் நல் (வெற்று மதிப்பு) திருப்புகிறது. லினக்ஸில் இதே கோட் இன்னும் மோசம்: எழுதத் திறந்தால், புதுவரியோடு ஒரு விசித்திரப் பெயரில் கோப்பு உருவாகி உட்கார்ந்துவிடும்.

ஃபோல்டரின் பெயர் 'இ' எழுத்தில் தொடங்கியிருந்தால் அந்த ஒரு வார்னிங்கும் வந்திருக்காது. ஜிசிசி தன் சொந்த விரிவாக்கமாக அதை எஸ்கேப் விசையின் குறியாக, அதாவது எண் 27 ஆக, எடுத்துக்கொள்கிறது. தரத்தில் இல்லாததைச் சுட்டும் பெடான்டிக் ஆப்ஷன் கொடுத்தால்தான் சொல்லும்.

மேற்கோள் போட்டதும் என்ன ஆனது? # குறிக்கு இன்னொரு விதி உண்டு: தனக்கு வருவது ஏற்கெனவே மேற்கோளில் இருக்கும் ஸ்ட்ரிங் என்றால், அதிலுள்ள ஒவ்வொரு பேக்ஸ்லாஷுக்கும் மேற்கோளுக்கும் முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் சேர்க்கும். கிடைப்பது இது:

"\"டி:\\ப்ராஜெக்ட்\\நியூ\\ரீடிங்ஸ்\""

எஸ்கேப் எல்லாம் இப்போது ஒழுங்காக இருப்பதால் வார்னிங் இல்லை. ஆனால் இரட்டை மேற்கோள் குறி இப்போது பாதையின் ஒரு பகுதியாகிவிட்டது. விண்டோஸ் கோப்புப் பெயரில் அந்தக் குறிக்கு இடமே கிடையாது.

எனவே # வேண்டாம். பாதையை மேற்கோளோடு, முன்சாய்வுக் கோட்டோடு எழுதுங்கள்:

#டிஃபைன் பாதை "டி:/ப்ராஜெக்ட்/நியூ/ரீடிங்ஸ்"

ஃபோப்பனுக்கு விண்டோஸிலும் முன்சாய்வுக் கோடு தாராளமாகப் போதும். கோப்புப் பெயரைச் சேர்க்க வேண்டுமானால் பாதை "/அளவு" என்று பக்கத்தில் எழுதினாலே கம்பைலர் இரண்டையும் ஒட்டிவிடும். சிஸ்டம் ஃபங்ஷன் வழியாக விண்டோஸ் கட்டளைக்குப் பாதையை அனுப்பினால் மட்டும் கவனம்: அங்கே முன்சாய்வை ஆப்ஷன் என்று எடுத்துக்கொள்ளும் கட்டளைகள் உண்டு. அந்த இடத்தில் பேக்ஸ்லாஷை இரட்டிப்பாக எழுதுவதே வழி.

சரிபார்க்க ஜிசிசியைப் பெரிய எழுத்து 'இ' ஆப்ஷனோடு ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் அதில் தெரிவது 4ஆம் கட்டத்தின் விளைவு. உங்கள் முதல் வடிவத்தை அப்படிப் பார்த்தால் பாதை கண்ணுக்கு அப்பழுக்கில்லாமல் இருக்கும். அங்கே ஒற்றை பேக்ஸ்லாஷ் தெரிந்தால் அதுவே பிழை, இரண்டிரண்டாகத் தெரிய வேண்டும். அதோடு ப்ரோக்ராமுக்குள் ஸ்ட்ரிங்கை சதுர அடைப்புக்குள் ஒருமுறை அச்சிட்டுப் பாருங்கள். உடைந்த வரியும் ஒட்டிக்கொண்ட மேற்கோளும் அங்கே தப்ப முடியாது.

மேற்கோள் இல்லாத பாதையை # கொண்டு ஸ்ட்ரிங் ஆக்கும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள் என்பேன். லினக்ஸுக்கு மாறினாலும் அது காலை வாரும். ஜிசிசி அங்கே தன் இயல்பான குனு நிலையில் (சொந்த விரிவாக்கங்களும் இயங்கும் நிலை) 'லினக்ஸ்', 'யூனிக்ஸ்' என்ற சிறிய எழுத்துச் சொற்களை 1 என்ற மதிப்புள்ள மேக்ரோக்களாக முன்கூட்டியே வைத்திருக்கிறது. /ஆப்ட்/லினக்ஸ்/டேட்டா என்ற பாதையை உங்கள் விரி மேக்ரோவில் கொடுத்தால் "/ஆப்ட்/1/டேட்டா" என்று வரும். பாதையில் அடுத்தடுத்து இரண்டு இடைவெளி இருந்தால் ஒன்றாகச் சுருங்கும். இணைய முகவரி கொடுத்தால் // வந்ததுமே மீதி கமெண்ட் ஆகிவிடும்.

# குறி உண்மையில் உதவுவது, நிபந்தனை பொய்யானால் அதையே அச்சிட்டுக் காட்டும் சோதனை மேக்ரோக்களில். அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. நிபந்தனையை # கொண்டு ஸ்ட்ரிங் ஆக்கி, அதை அச்சிடும் ஃபங்ஷனான பிரின்ட்எஃபின் ஃபார்மட்டுக்குள்ளேயே ஒட்டிவிடுவார்கள். 'என் % டி == 0' என்ற நிபந்தனை அதற்குள் போனால், % குறி, இடைவெளி, 'டி' எழுத்து மூன்றும் சேர்ந்து முழு எண்ணை அச்சிடும் ஃபார்மட் ஆகிவிடுகின்றன. ஃபார்மட்டுக்கு மதிப்பு இல்லை என்று வார்னிங் வரலாம், ஓட்டினால் ஏதோ ஒரு குப்பை எண் அச்சாகும். ஃபார்மட்டில் %எஸ் மட்டும் வைத்து, #அ என்பதைத் தனி மதிப்பாக அனுப்புங்கள்.

உங்கள் ஹெடரில் பாதைக்கு மேலே ஒரு // கமெண்ட் பேக்ஸ்லாஷில் முடிகிறது, அதையும் மாற்றுங்கள். வரிக் கடைசியில் பேக்ஸ்லாஷ் இருந்தால் அடுத்த வரி கமெண்டோடு சேர்ந்துவிடும். மேக்ரோ வரி அதற்கு நேர் கீழே வந்தால் காணாமல் போகும். வழக்கமான வார்னிங்குகளை இயக்கும் வால் ஆப்ஷன் போட்டிருந்தால் 'மல்டி லைன் கமெண்ட்' என்று கம்பைலர் சொல்லிவிடும். அதை அலட்சியம் செய்ய வேண்டாம்.

பாதையை ஹெடரில் வைக்காமல் கட்டளை வரியிலிருந்து பெரிய 'டி' ஆப்ஷனில் கொடுப்பதானால், கட்டளையைப் படிக்கும் ஷெல் மேற்கோளை விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். லினக்ஸில் வழக்கமான ஷெல்லான பேஷில் '"டி:/ப்ராஜெக்ட்"' என்று ஒற்றை மேற்கோளுக்குள் இரட்டை மேற்கோள் வையுங்கள். விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில் ஒற்றை மேற்கோளுக்கு மதிப்பில்லை, \"டி:/ப்ராஜெக்ட்\" என்று எழுத வேண்டும். இரண்டு இடத்திலும் பில்ட் செய்வதானால் பில்ட் கருவியான சிமேக்கின் கன்ஃபிகர் ஃபைல் கட்டளையால் ஹெடரை உருவாக்கிக்கொள்வது நிம்மதி. ஷெல் குறுக்கே வராது, சிமேக் தன் ஃபோல்டர் பாதைகளை முன்சாய்வோடுதான் வைத்திருக்கிறது.