தற்காலிகப் பாதுகாப்பு போதாதா, அகதிகளுக்குக் குடியுரிமை எதற்கு?

போதாது. வேலூரை ஒட்டிய மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கிருந்து விண்ணப்பம் நிரப்ப வரும் பிள்ளைகளை என் பிரவுசிங் சென்டரில் தினமும் பார்க்கிறேன்.

போன வருடம் ஒரு பையன் அம்மம்மாவோடு வந்தான். 2006ல் வேலூரில் பிறந்தவன். "இத்த கொஞ்சம் ஃபில் பண்ணிக் குடுண்ணா" என்று அசல் எங்கள் ஊர்ப் பேச்சு. படிவத்தில் நாடு என்ற கட்டத்தில் 'இந்தியா' தானாகவே வந்து நின்றது. அதை எடுத்துவிட்டு 'இலங்கை' போட்டேன். அவன் ஒருநாளும் பார்த்திராத நாடு. அம்மம்மா திரையை எட்டிப் பார்த்து, "தம்பி, பேந்து இதால கரைச்சல் வராதோ?" என்றார். பின்னால் தொந்தரவு வருமோ என்ற பயம். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அவன் அம்மா 1990ல் கைக்குழந்தையாகப் படகில் வந்தவர். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அப்படி 1986ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் கெடுபிடி: பெற்றோரில் ஒருவர் 'சட்டவிரோதக் குடியேறி', அதாவது பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்தவர் என்றாலே பிள்ளைக்குக் கிடைக்காது. உயிருக்குப் பயந்து படகேறியவர்கள் விசாவுக்கு எங்கே போவார்கள்? வந்ததும் பதிவு செய்து, அட்டை கொடுத்து, மாதாமாதம் உதவித்தொகையும் கொடுக்கிறது அரசு. சட்டத்தில் மட்டும் அவர்கள் கள்ளத்தனமாக வந்தவர்கள்!

2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு ஆணை போட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் மீது, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக வழக்கு கிடையாது. நல்லதுதான், வரவேற்கிறேன். ஆனால் அது தண்டனையிலிருந்து விலக்கு மட்டுமே, குடியுரிமை அல்ல. 2019 குடியுரிமைத் திருத்தத்திலும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகள்தான்; இலங்கையைச் சேர்க்கவில்லை. அப்புறம் மாநில அரசு. 2021 நவம்பரில் முதல்வர் ஸ்டாலின் இதே மேல்மொணவூரில்தான் முகாம்களுக்கு 3,510 புது வீடுகள் கட்டும் திட்டத்தைத் தொடங்கினார். வீடு கட்டித் தர மாநிலத்தால் முடியும். குடியுரிமை டெல்லியின் கையில்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் 1990 சட்டப்படி தற்காலிகப் பாதுகாப்பை ஒரு தடவைக்கு அதிகபட்சம் 18 மாதம் கொடுப்பார்கள். 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு எல் சால்வடோர் மக்களுக்குக் கொடுத்ததை இருபது வருடத்துக்கு மேலாக நீட்டிக்கொண்டே வந்தார்கள். வெனிசுலாக்காரர்களுக்குக் கொடுத்ததை, அமெரிக்காவில் ஆட்சி மாறியதும் 2025ல் முடித்துவிட்டார்கள். நீட்டிப்பவருக்குச் செலவில்லை, கொள்கை முடிவு எடுக்கும் தலைவலியும் இல்லை. அந்த இருபது வருடத்தில் அங்கே பிறந்த பிள்ளைகளாவது பிறந்த அன்றே அமெரிக்கக் குடிமக்கள் ஆனார்கள். இங்கே அதுவும் இல்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பதிவு செய்தவர்களை 'சட்டவிரோதக் குடியேறி' கணக்கிலிருந்து முதலில் எடுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை கொடுங்கள். அந்தப் பையன் அடுத்த படிவத்தோடு வரும்போது, 'இந்தியா' என்று தானாக வந்து நிற்பதை நான் அழிக்க வேண்டியிருக்கக் கூடாது.