இருபது ரூபாய்ப் பத்திரத்தில் கல்யாணம் முறியுமா?

பண்ருட்டிப் பக்கம் சட்டத் தன்னார்வலராக அலைகிறவள் நான். வக்கீல் இல்லை, வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போகிறவள். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, மூணு வருஷம் முன்னால ஊர்ப் பஞ்சாயத்துல பத்திரம் எழுதி எங்களைத் தீர்த்து விட்டுட்டாங்க. இப்ப அவர் வேற கல்யாணம் பண்ணப் போறாராம். நான் கேள்வி கேட்கலாமா? (குறிஞ்சிப்பாடி)

தாராளமாகக் கேட்கலாம் தங்கச்சி. இந்தப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி அரிசிப் பானைக்குள் பத்திரப்படுத்தும் பெண்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஒருத்தி காட்டியதில் ஐந்து கையெழுத்து, ஒரு கைநாட்டு. கைநாட்டு அவளுடையது. என்ன எழுதியிருக்கிறது என்று நான் படித்துச் சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

சமூக வழக்கப்படி கல்யாணத்தைத் தீர்த்துக்கொள்வதை இந்து திருமணச் சட்டம் ஏற்கிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் உங்கள் சமூகத்தில் காலங்காலமாக இருக்கிறது என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். நாலு பேர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதிவிட்டால் அது வழக்கம் ஆகிவிடாது. நிரூபிக்க முடியாவிட்டால் நீங்கள் இன்னும் அவர் மனைவிதான். அவர் இன்னொருத்தியைக் கட்டினால் செல்லாது, குற்றமும்கூட.

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுங்கள். மனு ரசீது வாங்காமல் எழுந்து வராதீர்கள். அப்புறம் கடலூரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். '15100' என்ற எண்ணிலும் கேட்கலாம். 'ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்' என்று அந்தப் பத்திரத்தில் ஒரு வரி இருக்கும், பயப்படாதீர்கள். பொதுவாகக் கோர்ட் அதை மதிப்பதில்லை.

முந்திரி உடைக்கிறேன் அக்கா. கூலியும் உரிமைத்தொகை ஆயிரமும் வீட்டுக்காரர் கைக்குத்தான் போகுது, ஏடிஎம் கார்டும் அவர்கிட்டதான். குடிச்சிட்டு அடி வேற. பிள்ளைங்களுக்காகப் பொறுத்துக்கவா?

வேண்டாம். முதலில் பாங்கில் அந்தக் கார்டை நிறுத்திப் புதுக் கார்டு கேளுங்கள். கொட்டை எண்ணெய் பட்டு உரிந்த விரலை ரேகை மிஷின் எடுக்காமல் போகலாம், அதனால் பாஸ்புக், ஆதார் இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

அடிபட்ட அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லாதீர்கள், அந்தச் சீட்டுதான் பின்னால் பேசும். 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்கு விவாகரத்து தேவையில்லை. அடிக்கக் கூடாது, வீட்டைவிட்டுத் துரத்தக் கூடாது என்று உத்தரவு வாங்கலாம், வீடு அவர் பெயரில் இருந்தாலும். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். ராத்திரியில் அவசரம் என்றால் 181.

விசைப்படகுல கூலிக்குப் போறேன் அக்கா. மீன்பிடித் தடைக்காலத்துல சண்டை வந்து சம்சாரம் அம்மா வீட்டுக்குப் போயிடுச்சு, நாலு மாசமாச்சு. கேஸ் போட்டுக் கூப்பிடலாமா? (தாழங்குடா)

சேர்ந்து வாழ மனு போடலாம் தம்பி. ஆனால் கோர்ட் உத்தரவு யாரையும் கையைப் பிடித்துக் கூட்டி வராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கடலுக்குப் போகாது, சண்டை காலண்டர் பார்த்துத்தான் வருகிறது. அந்த நாளில் அரிசி யார் வாங்கியது? மீன் கூடை வியாபாரத்துக்கு வாங்கிய வட்டிக் கடனை யார் கட்டியது? மாமா, சித்தப்பா என்று கூட்டம் சேர்க்காமல், குடிக்காமல், தனியாகப் பஸ் ஏறிப் போங்கள். முதலில் அந்தக் கடனைப் பற்றிப் பேசுங்கள்.

மகளுக்குப் போட்ட ஆறு பவுனை மாப்பிள்ளை அடகு வெச்சிட்டார். கேட்டா "எங்க வீட்டு நகை"ங்கிறார்.

சீதன நகை மகளுடையது. அடகுச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதி என்று குறித்துக்கொள்ளுங்கள். கல்யாண ஆல்பத்தை உங்கள் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். கழுத்தில் என்ன கிடந்தது என்பதற்கு நல்ல சாட்சி அது.