வாசிக்கிறவங்களே கம்போஸ் பண்ணா: இசை கேள்வி பதில்

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு வாசகி): சார், எங்க அக்கா பொண்ணு பாஸ்டன்ல நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரில சேரப் போறா. அங்க வாசிக்கிற பிள்ளைங்களே கம்போஸ் பண்ணி, பல நாட்டு இசையோட கச்சேரி பண்ணுவாங்களாம். இதுக்குன்னு தனி டிபார்ட்மென்ட்டே இருக்குன்னு சொல்றா, நிஜமா?

பதில்: நிஜம்தாம்மா, 1972லயே ஆரம்பிச்சாச்சு. கன்சர்வேட்டரி 1867ல தொடங்கினது, ரொம்ப பழைய காலேஜ். அங்க தலைவரா இருந்த கன்தர் ஷூலர்தான் 1957லயே கிளாசிக்கலும் ஜாஸும் சேர்ற இசைக்கு 'தேர்டு ஸ்ட்ரீம்'னு பேர் வச்சவர், அவர் பியானிஸ்ட் ரான் பிளேக்கைக் கூப்பிட்டு அந்தப் பேர்லயே ஒரு டிபார்ட்மென்ட் நடத்தச் சொன்னார், அப்புறம் வெவ்வேறு நாட்டு இசையெல்லாம் உள்ள வந்து, பேரும் ஒண்ணு ரெண்டு தடவை மாறி, இப்ப 'கன்டெம்பரரி மியூசிகல் ஆர்ட்ஸ்'. பிளேக்கோட முறைல காதுதான் முதல்ல. ரெக்கார்டைத் திரும்பத் திரும்பக் கேக்கணும், வாயால பாடணும், மனசுல நின்ன அப்புறம்தான் வாத்தியத்தைத் தொடணும், கடைசில அதுலருந்து சொந்தமா ஒண்ணு பண்ணணும். உங்க அக்கா பொண்ணு இங்க பாட்டு கிளாஸ் போயிருந்தா முதல் பாதி அவளுக்குப் புதுசாவே இருக்காது.

மேற்கத்திய இசைலயும் பழைய காலத்துல இப்படித்தான் இருந்துச்சு, மொசார்ட், பாகனினி, லிஸ்ட் எல்லாரும் தான் எழுதினதைத் தானே வாசிச்சவங்க. பின்னாடிதான் எழுதுறவர் ஒரு டிபார்ட்மென்ட், வாசிக்கிறவர் இன்னொரு டிபார்ட்மென்ட்னு காலேஜுங்க பிரிச்சிடுச்சு, நல்லா வாசிக்கிற பிள்ளைக்கு 'நானும் எழுதலாம்'ங்கிற நினைப்பே வராம போச்சு. இப்படி ஒரு படிப்பும் அதுக்கான மேடையும் அந்த நினைப்பைத் திருப்பிக் குடுக்குது, அதனாலதான் எனக்கு இது மேல இவ்வளவு பிரியம்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): எல்லாம் கடைசில ஃப்யூஷன் தானே சார்? தபலாவும் கிட்டாரும் சேந்தா வெரைட்டி, அவ்ளோதானே?

பதில்: இல்லைங்க, இதை நான் ஒத்துக்கமாட்டேன். மேடையில ரெண்டு வாத்தியத்தைப் பக்கத்துல வைக்கிறது சுலபம், ஆனா ஒருத்தர் இன்னொருத்தர் இசைக்குள்ள வருஷக்கணக்குல இருந்து பாத்தாரா இல்லையான்னு கேட்டாலே தெரிஞ்சிடும். சக்தி குழுவை எடுத்துக்கோங்க, அதோட கிட்டாரிஸ்ட் ஜான் மெக்லாக்லின் அமெரிக்கால வெஸ்லியன் யுனிவர்சிட்டில டாக்டர் எஸ். ராமநாதன்கிட்ட வீணை கத்துக்கிட்டவர், வயலின் வாசிச்ச எல். சங்கரும் அங்க படிச்சவர்தான், பாலசரஸ்வதியோட தம்பிங்க ரங்கநாதனும் விஸ்வநாதனும் அங்க மிருதங்கமும் புல்லாங்குழலும் சொல்லிக்குடுத்தாங்க. அந்தப் பழக்கத்துக்கு அப்புறம்தான் 1970கள் நடுவுல தபலா ஜாகிர் உசேனும் கடம் விக்கு விநாயகராமும் சேந்து சக்தி வந்துச்சு. குழு வாசிச்சது அவங்களே அமைச்ச இசை, கிட்டார்காரர் மேல யாரும் ராகத்தைத் திணிக்கல, கடக்காரர் மேல யாரும் ஜாஸைத் திணிக்கல. ஒரு மியூசிக் ஸ்கூல் விழா நடத்தினா இதைத்தான் பாக்கணும்னு நான் சொல்வேன், கச்சேரி எத்தனைங்கிறதை விட ஒண்ணா உக்காந்து பழகுற நாள் எத்தனைங்கிறதுதான் முக்கியம்.

கேள்வி (மதுரை வாசகர்): ஸ்டாஃப் நோட்டேஷன் (மேற்கத்திய இசையை அஞ்சு கோட்டுல எழுதுற முறை) எழுதத் தெரியாதவரை எப்படி கம்போசர்னு சொல்றது? வேற யாரோ எழுதிக் குடுத்தா அது அவங்களுது ஆயிடாதா?

பதில்: ரொம்ப நல்ல கேள்வி. அமெரிக்கால குரோனோஸ் குவார்டெட்னு 1973லருந்து வாசிக்கிற நாலு பேர் வயலின் குழு இருக்கு (சரியா சொன்னா ரெண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ). அவங்க 2015ல 'ஃபிஃப்டி ஃபார் தி ஃபியூச்சர்'னு ஒரு திட்டம் தொடங்கினாங்க, மாணவக் குழுக்களும் இளைஞர்களும் இன்னைய இசையைப் பழகுறதுக்குன்னே ஐம்பது புதுப் பீஸ் எழுத வச்சு, ஸ்கோரை (இசை எழுதின தாளை) இலவசமா இணையத்துல போட்டாங்க. எழுதினவங்கள்ல பலர் வாசிக்கிறவங்க, பாடுறவங்க.

அவங்கள்ல ஒருத்தர், கனடாவோட வடகோடி நுனாவுட்ல கேம்பிரிட்ஜ் பே ஊர்க்காரர் டான்யா டகாக், இனுயிட்ங்கிற வடதுருவப் பக்கத்துப் பழங்குடிப் பாடகி. இனுயிட் தொண்டைப் பாட்டுன்னா ரெண்டு பொம்பளைங்க எதிரெதிரா நின்னு மூச்சை உள்ள இழுத்தும் வெளிய விட்டும் மாத்தி மாத்தி பாடுற விளையாட்டு, யாராவது சிரிச்சாலோ மூச்சு வாங்கினாலோ முடிஞ்சிடும். மிஷனரிங்க வந்த காலத்துல அதை அடக்கி வச்சிருந்தாங்க. டகாக் ஊரை விட்டுத் தூரமா காலேஜ்ல படிச்சப்ப அவங்க அம்மா அனுப்பின டேப்பைக் கேட்டுத் தனியாவே பழகினாங்க, கூடப் பாட ஆள் இல்லாததால ஒத்தை ஆளா பாடுற ஒரு பாணியே உருவாச்சு. குரோனோஸுக்கு அவங்க குடுத்த 'சிவுனித்தின்னி'ல அவங்க குரல்ல இருந்ததை வயலினுக்கும் செல்லோவுக்கும் மாத்தி அமைச்சது ஜேக்கப் கார்ச்சிக். பீப்பாங்கிற சீன நரம்பு வாத்தியத்துல மேதை வூ மான், பெய்ஜிங் கன்சர்வேட்டரில பீப்பாவுக்கு முதல்ல மாஸ்டர்ஸ் பட்டம் வாங்கினவங்க, அவங்க 'ஃபோர் சைனீஸ் பெயின்டிங்ஸ்'ஐ குவார்டெட்டுக்கு அமைச்சது டேனி கிளே. ஜாகிர் உசேனோட 'பல்லவி'யை அமைச்சது ரீனா எஸ்மெயில்.

இதுல கம்போசர் பேர் கம்போசருக்கு, அமைச்சவர் பேர் அமைச்சவருக்குன்னு ரெண்டும் வருது, அதுதாங்க சரி. இசையை யோசிச்சது ஒருத்தர், அதை வேற வாத்தியக்காரர் படிக்கிற மாதிரி எழுத்துல கொண்டுவந்தது இன்னொருத்தர், ரெண்டும் பெரிய வேலை. எழுதத் தெரியாததால ஒருத்தர் கம்போசர் இல்லைன்னா, பாடம் சொல்லிச் சொல்லியே நமக்கு வந்து சேந்த கீர்த்தனைங்களை என்னன்னு சொல்றது?

கேள்வி (சேலத்திலிருந்து கல்லூரி மாணவி): அடுத்தவங்க பாரம்பரியத்தை எடுத்து எழுதுறது திருட்டு ஆகாதா?

பதில்: ஆகலாம், ஒரு உதாரணம் சொல்றேன். அமெரிக்கக் கம்போசர் கரோலின் ஷா தான் பாடுற ரூம்ஃபுல் ஆஃப் டீத் குழுவுக்காக எழுதின 'பார்ட்டிடா ஃபார் 8 வாய்சஸ்' 2013ல அமெரிக்காவோட பெரிய விருதான புலிட்சர் வாங்குச்சு, அவங்களுக்கு அப்ப 30 வயசு, இசைக்கான புலிட்சர்லயே ரொம்ப இளையவர். குழு 2010ல இனுயிட் பாடகிங்களை வரவழைச்சு கத்துக்கிட்டது, பார்ட்டிடால ஒரு பகுதி அந்தத் தொண்டைப் பாட்டுலருந்து வந்தது. 2019ல இதே டகாக் எங்க பாட்டை எடுத்துக்கிட்டாங்கன்னு பொதுவெளில கண்டிச்சாங்க, குழுவும் பதில் அறிக்கை விட்டுச்சு. பார்ட்டிடா எனக்கு ரொம்பப் பிடிச்ச பீஸ், ஆனாலும் டகாக் கேட்டது நியாயம்னுதான் நினைக்கிறேன், கத்துக்கிட்டா மட்டும் போதாது, யார்கிட்ட கத்துக்கிட்டோம்ங்கிறது நிகழ்ச்சித் தாள்ல முதல்லயே வரணும், காசும் மேடையும் அவங்களுக்கும் போகணும். அந்த மண்ணுக்காரரையே கம்போசரா கூப்பிட்டா பாதி பிரச்சனை வராது.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): என் பையன் மிருதங்கம் வாசிக்கிறான், சொந்தமா ஏதாவது பண்ணணும்னு துடிக்கிறான். இந்த மாதிரி இடத்துக்குப் போகலாமா?

பதில்: போகலாம், ஆனா மிருதங்கத்தை விட்டுட்டுப் போகக்கூடாது. ராஜ்னா சுவாமிநாதனைப் பத்திச் சொல்லுங்க அவன்கிட்ட, உமையாள்புரம் சிவராமன் சிஷ்யை, ஹார்வர்ட்ல ஜாஸ் பியானிஸ்ட் விஜய் ஐயர் இருக்கிற துறையில முனைவர் பட்டம் வரைக்கும் படிச்சவங்க, ராஜஸ்னு சொந்தக் குழு வச்சு மிருதங்கத்தை நடுவுல வச்சே ஜாஸ்காரங்களோட கம்போஸ் பண்றாங்க, 2019ல ஆல்பமும் வந்துச்சு. குருகிட்ட பாடம் முழுசா ஓடட்டும், கூடவே பியானோ கொஞ்சம், மேற்கத்திய நோட்டேஷன் படிக்கக் கொஞ்சம். தினம் ஒரு கோர்வையாவது (தாளச் சொற்கட்டு) சொந்தமா கட்டி ஃபோன்ல பதிவு பண்ணி வைக்கச் சொல்லுங்க, அட்மிஷனுக்கு ரெக்கார்டிங் கேப்பாங்க, அப்ப கைல இருக்கும்.

கேள்வி (வேலூர் வாசகி): எதுலருந்து கேக்க ஆரம்பிக்கலாம்?

பதில்: முதல்ல வூ மான், அடுத்து சிவுனித்தின்னி. குரோனோஸ் தளத்துல ஸ்கோரும் ரெக்கார்டிங்கும் சேந்தே இருக்கு, வீட்ல யாராவது வயலின் கத்துக்கிட்டா தாளைப் பாத்துக்கிட்டே கேக்கச் சொல்லுங்க.