காய்ச்சிய தண்ணீர் கைக்குழந்தைக்குப் போதுமா?

கேள்வி: நாங்கள் இருப்பது சிறிய ஊர். குழாயில் சில நாள் தண்ணீர் பழுப்பாக வருகிறது, சில நாள் குளோரின் வாடை தூக்கலாக இருக்கிறது. நான்கு மாதக் குழந்தைக்கு இந்தத் தண்ணீரை நன்றாகக் காய்ச்சித்தான் பால் பவுடர் கரைக்கிறேன். டி.டி.எஸ். மீட்டரில் 300 காட்டுவதால் பயமில்லை என்கிறார் கணவர். ஐந்து வயது மகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வருகிறது. காய்ச்சினால் போதாதா? இந்தத் தண்ணீரில் குழந்தைகளைக் குளிக்க வைக்கலாமா?

பதில்: அன்புச் சகோதரி, கைக்குழந்தையிலிருந்தே தொடங்குகிறேன். அவசரம் அங்கேதான். உங்கள் தண்ணீரில் நைட்ரேட் என்ற உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று தெரியும்வரை குழாய்த் தண்ணீரில் பால் பவுடர் கரைக்க வேண்டாம். காய்ச்சினாலும் வேண்டாம்.

காய்ச்சுவது கிருமிகளுக்குத்தான் வைத்தியம். தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனாலே பாக்டீரியா, வைரஸ், குளோரினுக்கு அடங்காத சில ஒட்டுண்ணிகள் எல்லாம் செத்துவிடும். ஆனால் நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்சனிக், ஈயம் எதுவும் ஆவியாகிப் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் அடர்த்தி கூடும். லிட்டருக்கு 40 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள 5 லிட்டரைக் காய்ச்சி 4 லிட்டராக்கினால், லிட்டருக்கு 50 ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பே அந்த 50தான். குழந்தைக்கு நல்லது என்று நினைத்து நெடுநேரம் கொதிக்கவிடும் தாய்மார்களை நிறையப் பார்க்கிறேன். அக்கறை புரிகிறது, ஆனால் நைட்ரேட் உள்ள தண்ணீரில் அது எதிர்விளைவுதான் தரும்.

உரமிட்ட வயல், மாட்டுத் தொழுவம், கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றிலிருந்து மண் வழியாக நைட்ரேட் கிணற்றுக்கு இறங்குகிறது. அதற்கு நிறமில்லை, வாடையில்லை, ருசியுமில்லை. குழந்தையின் வயிற்றில் அது நைட்ரைட்டாக மாறி, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாதபடி செய்துவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிடம் இதைச் சரிசெய்யும் நொதி குறைவு. கிணற்று நீரில் பால் கரைத்துக் கொடுத்த குழந்தைகள் நீலம் பாய்ந்ததை அமெரிக்காவின் அயோவாவில் ஒரு மருத்துவர் 1945இலேயே பதிவு செய்தார். உதடு, நகக்கண், வாயைச் சுற்றிய தோல் நீலமாகவோ சாம்பல் பூத்தது போலவோ தெரிந்தால், குழந்தை சோர்ந்து மூச்சு வாங்கினால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

தாய்ப்பால் இன்னும் சுரக்கிறது என்றால் அதையே கூட்டிக் கொடுங்கள். நீங்கள் குடிக்கும் தண்ணீரின் நைட்ரேட் தாய்ப்பாலில் அந்த அளவுக்கு வருவதில்லை. பால் பவுடர் தவிர்க்க முடியாது என்றால், நைட்ரேட் குறைவு என்று லேபிளில் அச்சிட்ட பாட்டில் தண்ணீரை வாங்குங்கள். அதையும் ஒரு முறை கொதிக்கவைத்து, 70 டிகிரிக்குக் குறையாத சூட்டிலேயே பவுடரைக் கலந்து, பிறகு ஆறவைத்துக் கொடுங்கள். பவுடரும் கிருமியற்றது அல்ல என்பதால்தான் இந்தச் சூடு.

இனி மீட்டர். கரைந்திருக்கும் உப்புகளால் தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதைத்தான் அது அளக்கிறது. 300 என்றால் லிட்டருக்குச் சுமார் 300 மில்லிகிராம் உப்பு, ருசிக்குப் பரவாயில்லை, அவ்வளவுதான். ஆர்சனிக்குக்கும் ஈயத்துக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு. 300க்குள் அது இருக்கிறதா இல்லையா என்று அந்த மீட்டர் சொல்லாது. கிருமிகளைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. உங்கள் கணவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பழுப்பு நிறம் பெரும்பாலும் இரும்பும் மாங்கனீசும்தான். நிறம் தெளியும்வரை குழாயைத் திறந்துவிடுங்கள். கொஞ்சம் குளோரின் வாடை வருவது நல்ல அறிகுறி. வாடை வரும் நாளைவிட, எந்த வாடையும் இல்லாத கலங்கல் நாள்தான் எனக்குக் கவலை. குழாயில் அழுத்தம் இறங்கும்போது விரிசல் வழியாகச் சாக்கடை நீர் உள்ளே புகும். கனடாவில் ஏறத்தாழ 5,000 பேர் வாழ்ந்த வாக்கர்டன் என்ற சிற்றூரில், 2000 மே மாதம் பெய்த கனமழை மாட்டுச் சாணத்தை ஆழமில்லாத ஒரு கிணற்றுக்குள் அடித்துவந்தது. தேவையான அளவு குளோரின் சேர்க்கப்படவில்லை. 2,300 பேருக்கு மேல் நோயுற்றார்கள், ஏழு பேர் இறந்தார்கள். சிற்றூர்களில் ஒரு கிணறும் ஒன்றிரண்டு பணியாளர்களுமே ஊர் முழுவதையும் காக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் கேள்வி கேட்கும் பொறுப்பு மக்களுக்கும் இருக்கிறது என்கிறேன்.

வாக்கர்டனில் பரவிய கிருமிகளில் ஒன்று ஈ.கோலை ஓ157 என்ற பாக்டீரியா. அது குழந்தைகளின் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. உங்கள் மகளுக்கு மலத்தில் ரத்தம் தெரிந்தால் பேதியை நிறுத்தும் மாத்திரையோ, வீட்டில் மீந்த ஆன்டிபயாட்டிக்கோ கொடுக்காதீர்கள், நிலைமை மோசமாகலாம். சிறுநீர் குறைந்தாலோ முகம் வெளிறினாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். அடிக்கடி போகிறது என்பதால் இப்போதே ஒரு மலப் பரிசோதனை செய்துவிடுங்கள். அவள் குடிப்பது காய்ச்சிய தண்ணீராகவே இருக்கட்டும், பல் துலக்கவும் அதுவே.

தண்ணீர் வழங்கும் அலுவலகத்தில் கடைசிப் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்சனிக், ஈயம், ஈ.கோலை, எஞ்சிய குளோரின், கலங்கல் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். 'தண்ணீர் நல்லா இருக்கு' என்பது பதில் ஆகாது. நைட்ரேட்டைச் சில ஆய்வகங்கள் நைட்ரஜன் கணக்கில் எழுதும். அப்படி எழுதினால் வரம்பு 50 அல்ல, சுமார் 11. இது தெரியாமல் 20 என்று பார்த்து நிம்மதியடைந்துவிடக் கூடாது.

உங்கள் வீட்டுக் குழாயிலும் மாதிரி எடுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலின் அடியில் துளி மருந்தோ பொடியோ இருக்கும். அது குளோரினைச் செயலிழக்கச் செய்வதற்காக வைத்தது, கழுவிக் கொட்டிவிடாதீர்கள். மூடியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. குளிரூட்டிய பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். ஈயத்துக்கு முறை வேறு. இரவு முழுக்க யாரும் குழாயைத் திறக்காமலிருந்து, காலையில் விழும் முதல் தண்ணீரையே பிடிக்க வேண்டும். ஈயம் பெரும்பாலும் பழைய குழாய், பற்றவைப்பு, பித்தளை இணைப்பு ஆகியவற்றிலிருந்தே கசிகிறது. குழந்தையின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. ஆகவே குடிக்கவும் சமைக்கவும் காலையில் சில நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள், சுடுநீர்க் குழாயில் சமையலுக்குப் பிடிக்காதீர்கள்.

ஃபில்டரை அறிக்கை வந்த பிறகு வாங்குங்கள். புற ஊதா விளக்கு கிருமியை மட்டும் கொல்லும். கரி ஃபில்டர் வாடையைப் போக்கும், நைட்ரேட்டைத் தொடாது. நைட்ரேட்டோ ஆர்சனிக்கோ ஃபுளோரைடோ மிகுந்திருந்தால் ஆர்.ஓ. உதவும். ஆனால் அதன் தொட்டித் தண்ணீரில் குளோரின் இருக்காது. தொட்டியைக் கழுவாவிட்டால் கிருமி மறுபடி வளரும்.

குளிக்க வைக்கலாம். நைட்ரேட்டோ ஈயமோ தோல் வழியாகச் சொல்லும்படி உள்ளே போவதில்லை. கலங்கலாக வரும் நாளில் மட்டும் கைக்குழந்தையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், மகள் குளிக்கும்போது தண்ணீரை விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.