‘நல்லாயிருக்கு’ என்றவர்கள் ஏன் அப்பைத் திறப்பதில்லை?

கேள்வி: ஹட்டனில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து போனுக்கு ஓர் அப் (செயலி) செய்தோம். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர்கள் அன்றாடம் நிறுத்த கிலோவைப் பதிந்துவைத்து, மாத முடிவில் சம்பளத் துண்டோடு ஒப்பிடலாம். தொடங்குமுன் 60 பேரிடம் கேட்டோம். எல்லோரும் “நல்லாயிருக்கு, கட்டாயம் பாவிப்போம்” என்றார்கள். இப்போது இரண்டாவது வாரத்திலேயே யாரும் திறப்பதில்லை. எங்கே பிழை?

பதில்: கேட்ட கேள்வியில்தான். “இப்படி ஒன்று இருந்தால் பாவிப்பீர்களா?” என்று வீடு தேடி வந்த பிள்ளைகள் கேட்டால், இல்லையென்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அது மரியாதைக்குச் சொன்ன பதில்.

நடந்து முடிந்ததைக் கேளுங்கள். “போன மாசம் சம்பளத் துண்டு கைக்கு வந்ததும் மொதல்ல எதப் பாத்தீங்கக்கா?” “கிலோ கொறஞ்சிருக்குன்னு கடைசியா எப்ப தோணுச்சு? அன்னைக்கு யார்கிட்ட போய்க் கேட்டீங்க?” பதிலில் ஒரு நாள், ஓர் ஆள், ஒரு செயல் வரவேண்டும். காலண்டரில் குறிப்பதாகச் சொன்னால் அந்தக் காலண்டரையே காட்டச் சொல்லுங்கள். எங்கும் குறித்துவைக்காத, யாரிடமும் கேட்கப் போகாத ஒருவர் உங்கள் அப்புக்காக மட்டும் அந்தப் பழக்கத்தைத் தொடங்கமாட்டார்.

வேலையை மேற்பார்க்கும் கங்காணியையோ தொழிற்சங்கத் தலைவரையோ கூட்டிக்கொண்டு போகாதீர்கள். சம்பளக் கணக்கைப் பற்றி அவர்கள் முன்னால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். சம்பளம் கொடுத்த அடுத்த ஞாயிறு, அவர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில், ஆளுக்கு 25 நிமிடம் போதும். உங்களில் ஒருவர் கேட்க, இன்னொருவர் அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதட்டும். பெயரும் தோட்டமும் குறிப்பில் வேண்டாம். அந்தத் தாள் தவறான கையில் சிக்கினால் வேலைக்கே வினையாகும்.

அடுத்து, அனுமதி பெற்று ஒரு நாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நில்லுங்கள். சாக்கு தராசில் ஏறுகிறது, கிலோவைச் சொல்கிறார்கள், சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கிறார்கள், அதற்குள் அடுத்தவர் சாக்கைத் தூக்கிவிட்டார். நனைந்த விரல், பச்சைக்கறை, பின்னால் வரிசை. போன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: இடுப்பில் பொலித்தீன் பைக்குள்ளா, வீட்டில் மகனிடமா? சிக்னல் எத்தனை கோடு? அந்தச் சில வினாடிகளுக்குள் உங்கள் அப்பைத் திறந்து இலக்கம் போட முடியாதென்றால், பதிவு இரவில்தான் நடக்கும். இரவில் போன் யார் கையில் இருக்கிறதோ, உங்கள் உண்மையான பாவனையாளர் அவர்தான்.

திரைகளைச் சோதிக்கக் கணினி தேவையில்லை. ஒவ்வொரு திரையையும் போன் அளவுத் தாளில் வரையுங்கள். “இன்னைக்கு காலையில 9 கிலோ, பின்னேரம் 11 கிலோ. இதுல போடுங்க” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் தடுமாறும்போது உதவத் துடிக்கும்; மனதுக்குள் பத்து எண்ணுங்கள். விரல் எங்கே போய் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. இரண்டு எடையையும் கூட்டி 20 என்று ஒரே பெட்டியில் போட்டால், அதையும் குறியுங்கள்; ஒரு நாள் வேலையை அவர் எண்ணும் விதம் அது.

இப்படித் திரையைச் சோதிக்க ஐந்து பேர் போதும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பாவனை எளிமையை ஆராயும் யாக்கோப் நீல்சன் 2000இல் எழுதிய கணக்கு அது: ஒருவரைக் கொண்டு சராசரியாக 31 சதவீதப் பாவனைக் கோளாறுகள் தெரியவரும், ஐந்து பேரில் ஏறத்தாழ 85 சதவீதம். ஆனால் ஐவரும் ஒரே வகையினராக இருக்கவேண்டும். கொழுந்து எடுக்கும் அம்மா ஐந்து, போன் வைத்திருக்கும் பிள்ளை ஐந்து என்று தனித்தனியாகப் பாருங்கள். தேவை இருக்கிறதா என்ற கேள்விக்கு இந்தக் கணக்கு உதவாது.

அதற்கு அப் இல்லாமலே ஒரு சோதனை வையுங்கள். எட்டுப் பேர் தினமும் கிலோவை வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பட்டும். நீங்கள் எக்செல்லில் ஏற்றி, சம்பள நாளில் கணக்கை அச்சிட்டுக் கொடுங்கள். முதல் மூன்று நாள் மட்டும் நினைவூட்டலாம். தொடங்குமுன்பே தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள்: “20ஆவது நாளிலும் ஐந்து பேராவது தாமாக அனுப்பினால் தொடர்வோம்.” எழுதிவைக்காவிட்டால், இரண்டு பேர் அனுப்பினாலும் மனம் அதை வெற்றியென்றே சொல்லும். எண்ணிக்கை குறைந்தால், நிறுத்தியவர்களிடம் திரும்பப் போய், கடைசியாக அனுப்பிய நாளன்று என்ன நடந்தது என்று கேளுங்கள்.