நாலு ஏஜென்ட்டைக் கட்டி மேய்ப்பது எப்படி? டீச்சர் பதில்கள்

கேள்வி (குலசேகரத்திலிருந்து ஒரு வாசகர்): டீச்சர், எங்கள் ஊரில் ரப்பர் பாலும் ஷீட்டும் வாங்கும் ஒரு வியாபாரிக்கு பில்லிங் மென்பொருள் செய்கிறேன். பால் வரவு, ஷீட் வரவு, விவசாயி கணக்கு, மாத அறிக்கை என்று திட்டத்தை நாலாகப் பிரித்து கோடு எழுதும் நாலு ஏஐ ஏஜென்ட்டிடம் ஒரே நேரத்தில் கொடுத்தேன். தனித்தனியாக எல்லாம் நன்றாக ஓடுகிறது. சேர்த்து ஓட்டினால் தொகை நூறு மடங்கு வருகிறது. வேறு ஏஜென்ட் வைத்துப் பார்க்கட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. நீங்கள் அனுப்பிய இரண்டு கோப்புகளையும் படித்துவிட்டேன். கோளாறு டி.ஆர்.சி.யில் இருக்கிறது. பாலில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம் என்பதுதான் அது. விவசாயிக்குக் காசு அதை வைத்துத்தான். நூறு கிலோ பாலில் டி.ஆர்.சி. 35 என்றால் உலர் ரப்பர் 35 கிலோ. வரவுப் பகுதியை எழுதிய ஏஜென்ட் அதை 35 என்று சேமித்திருக்கிறது. கணக்குப் பகுதியை எழுதியது 0.35 வரும் என்று நம்பி நேரே பெருக்குகிறது. 35 கிலோ 3,500 கிலோ ஆகிவிட்டது. இரண்டு ஏஜென்ட்டும் தன் அளவில் சரியாகத்தான் எழுதியிருக்கிறது.

ஒரே அறையில் இரண்டு பையன்கள் உட்கார்ந்து எழுதியிருந்தால், "மக்கா, சதவீதத்த எப்படி வச்சிருக்க?" என்று ஒருவன் கேட்டிருப்பான். ஏஜென்ட்டுகள் அப்படிக் கேட்டுக்கொள்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் அதன் உரையாடலில் இருப்பதும் அது திறந்து படித்த கோப்புகளும்தான் தெரியும். சொல்லாமல் விட்ட இடத்தில் தனக்குத் தோன்றியதை முடிவு செய்துகொண்டு மேலே போய்விடும்.

நூறு மடங்கு தப்பு கண்ணில் படும். எனக்குக் கவலை கண்ணில் படாத தப்பு. மாதிரியை உறையவைத்து, காயவைத்து, எடை போட்டுத்தான் டி.ஆர்.சி. சொல்வார்கள், அன்றைக்கே முடிவு வராமல் போகலாம். முடிவு வராத பாலை எப்படிக் குறிப்பது? ஒரு ஏஜென்ட் காலியாக விடும், இன்னொன்று 0 என்று போடும். 0 என்று போட்டால் அந்த விவசாயிக்கு அன்றைய வரவே இல்லாமல் போகும், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். அப்புறம் விலை. பால் வந்த நாள் விலையா, முடிவு வந்த நாள் விலையா? இதை வியாபாரியிடம் கேட்டு நீங்கள் முடிவு செய்ய வேண்டும். விடியும் முன் டார்ச் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர்களின் காசு இது. அதை ஏஜென்ட்டின் ஊகத்துக்கு விடக்கூடாது.

ஆகவே பிரித்துக் கொடுப்பதற்கு முன் ஒரு பக்கம் எழுதுங்கள். டேபிள் பெயர்கள், ஒவ்வொரு புலத்தின் பெயர், அலகு, காலியாக இருக்கலாமா, பணத்தைப் பைசாவில் முழு எண்ணாக வைப்பதா, எந்த இடத்தில் ரவுண்ட் செய்வது, எல்லாம் அதில் இருக்கட்டும். கிளாட் கோட், கோடெக்ஸ் என்ற ஏஜென்ட்டுகள் வேலை தொடங்கும்போதே ஒரு விதிக் கோப்பைப் படிக்கும்: முதலாவது கிளாட்.எம்டி (CLAUDE.md), இரண்டாவது ஏஜென்ட்ஸ்.எம்டி (AGENTS.md). அந்தக் கோப்புகளில் அந்தப் பக்கத்தைப் போட்டுவிட்டால் நாலும் ஒரே விதியைப் படிக்கும்.

இன்னொன்று: உங்கள் திட்டத்தில் நாலு பகுதி இருப்பதால் நாலும் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்று அர்த்தமில்லை. டேபிள் அமைப்பை முதலில் ஒரே ஏஜென்ட் எழுதட்டும், நீங்கள் வரி வரியாகப் படியுங்கள். அது சேர்ந்த பிறகு பாலும் ஷீட்டும் இணையாகப் போகலாம், ஒன்று மற்றதைத் தொடாது. கணக்கு அந்த இரண்டையும் நம்பி நிற்கிறது, அறிக்கை கணக்கை நம்பி நிற்கிறது. அவை காத்திருக்கட்டும்.

வியாபாரியின் பழைய நோட்டிலிருந்து சில உண்மையான பில்களை வாங்கி டெஸ்ட்டாக எழுதிவையுங்கள். அந்த டெஸ்ட் கோப்பைத் தொடக்கூடாது என்று ஏஜென்ட்டுகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தேறாத டெஸ்ட்டைத் திருத்தித் தேற வைக்கும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. சொன்னதோடு விடாமல், சேர்க்கும்போது அந்தக் கோப்பு மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி (பார்வதிபுரத்திலிருந்து ஒரு வாசகி): ஒரே ஃபோல்டரில் இரண்டு ஏஜென்ட் ஓட்டுகிறேன். ஒன்று எழுதியதை மற்றது அழித்துவிடுகிறது. என்ன செய்யலாம் டீச்சர்?

பதில்: கோடின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் (Git) கருவியில் வொர்க்ட்ரீ என்று ஒரு வசதி இருக்கிறது, 2015-இல் வந்த 2.5 பதிப்பிலிருந்தே உண்டு. ஒரே களஞ்சியத்துக்குப் பல ஃபோல்டர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பிராஞ்ச், அதாவது கோடின் தனிக் கிளை. ஏஜென்ட் ஒன்றுக்கு ஒரு ஃபோல்டர் என்று கொடுத்துவிடுங்கள்.

ஆனால் வொர்க்ட்ரீ பிரிப்பது கோப்புகளை மட்டும்தான். இரண்டு ஏஜென்ட்டும் ஒரே டேட்டாபேஸில் மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும் கோடு) ஓட்டினால் பழைய சண்டை அங்கே தொடரும். டேட்டாபேஸும், செயலி ஓடும் போர்ட் எண்ணும் தனித்தனியாக இருக்க வேண்டும். புதிய லைப்ரரி சேர்க்கும் உரிமையை ஒரே ஏஜென்ட்டிடம் வையுங்கள், எந்த லைப்ரரியின் எந்தப் பதிப்பு என்று குறித்து வைக்கும் லாக் கோப்பில் வரும் மோதல் பெரும்பாலும் அதோடு நிற்கும். சேர்க்கும்போது ஒரு பிராஞ்சைச் சேர்த்து, எல்லா டெஸ்ட்டையும் ஓட்டி, மற்ற பிராஞ்சைப் புதுப்பித்து, பிறகுதான் அடுத்தது. மொத்தமாகச் சேர்த்தால் எது எதைக் கெடுத்தது என்று தேடியே நாள் போய்விடும்.

கேள்வி (மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர்): பத்து ஏஜென்ட் ஓட்டினால் வேலை பத்து மடங்கு வேகமாக முடியுமா?

பதில்: முடியாது. செலவு ஏறும் என்பது மட்டும் நிச்சயம். சாதாரண உரையாடலைவிடப் பல ஏஜென்ட் சேர்ந்த அமைப்புக்குச் சுமார் 15 மடங்கு டோக்கன் (ஏஐ படிக்கும், எழுதும் சொல்துண்டுகள்) செலவாகிறது என்று கிளாட்டை உருவாக்கிய ஆந்த்ரோபிக் நிறுவனமே 2025 ஜூனில் எழுதியது. தகவல் தேடும் வேலையில் இருக்கும் அளவுக்கு, கோடிங்கில் உண்மையாகவே இணையாகச் செய்யக்கூடிய பகுதிகள் இல்லை என்றும் அதில் சொல்லியிருந்தார்கள். பத்தும் எழுதித் தள்ளுவதைப் படிக்க நீங்கள் ஒருவர்தானே இருக்கிறீர்கள்? இரண்டோடு தொடங்குங்கள். இரண்டும் எழுதியதை அன்றன்றைக்கே முழுசாகப் படித்து முடிக்க முடிகிறது என்றால் மூன்றாவதைச் சேருங்கள்.